ஓடைக்கரையில் ஐந்து

ஐந்து யானைகள். வேணி இரண்டு தரம் எண்ணிவிட்டாள்.

பாறைமேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். நின்றாள். கீழே ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் காடு, இந்தப் பக்கம் தேயிலை. இந்தப் பக்கம் ஓடையை ஒட்டியே ஒரு பாதை.

மணி ஐந்தரை. கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, பெண்கள் இன்னும் கால் மணி நேரத்தில் அந்தப் பாதையில்தான் வீடு திரும்புவார்கள். பதினோரு பேர்.

யானை எங்கே நிற்கிறது என்று எஸ்டேட்டில் வேலை செய்பவர்களின் போன்களுக்குச் செய்தி அனுப்புவது அவள் வேலை. இடம், எண்ணிக்கை, நேரம். இந்த மூன்றும் போதும் என்று வேலைக்கு எடுத்தபோதே சொல்லியிருந்தார்கள்.

மூன்றையும்தான் அனுப்பிக்கொண்டிருந்தாள். தினமும் ஒரே மாதிரி வந்ததை யாரும் திறக்கவில்லை.

போன ஐப்பசியில், யானை மிதித்த பங்கராசு அண்ணனைத் தூக்கி வந்தபோது அவர் சட்டைப்பையில் போன் இருந்தது. போனுக்குள் அவள் அனுப்பிய செய்தி இருந்தது. திறக்காத செய்தி.

அடுத்த வாரம் பங்களா வளைவில், காலை மழையில், கிழட்டுக் கொம்பன் யானை ஒன்று அசையாமல் நின்றது. இடமும் நேரமும் எழுதினாள். கை நிற்கவில்லை. இன்னொரு வரியும் எழுதினாள்.

மழை அதன் முதுகில் பெய்வது மட்டும் தனியாகக் கேட்கிறது.

அன்றைக்கு எல்லோரும் படித்தார்கள். எடை போடும் இடத்தில், கொழுந்து பறிக்கும் லூர்தக்கா சத்தமாக வாசித்துக் காட்டினாளாம். சாயங்காலம் வழியில் பார்த்தபோது, கவிதையெல்லாம் எழுதுவியா வேணி என்று கேட்டாள்.

கவிதை என்ற அந்தச் சொல்லில்தான் பயம் பிடித்தது.

அதுவரை கண்ணில் பட்டதை எழுதினாள். அதற்குப் பிறகு எழுதியதை அழித்தாள்.

இப்போதும் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

பெரியவை நான்கும் பாதைப் பக்கம் கரையேறிவிட்டன. குட்டி மட்டும் தண்ணீரில். ஈர மண்ணில் முன்காலை வைக்கிறது. மண் சரிகிறது. பின்பக்கமாக உட்கார்ந்துவிடுகிறது. எழுந்து மறுபடியும் காலை வைக்கிறது. தாய் திரும்பிப் பார்க்கவில்லை. நகரவும் இல்லை.

இதை எப்படிச் சொல்வது?

சறுக்கி என்று எழுதினாள். அழித்தாள். தவழ்ந்து. இல்லை, யானைக்குட்டி தவழாது. விழுந்து என்றால், அது விழவில்லை.

நிமிர்ந்தபோது மூடுபனி ஓடையைத் தொட்டிருந்தது.

மணி ஐந்து நாற்பத்திரண்டு.

பன்னிரண்டு நிமிடம். ஒரு சொல்லுக்கு.

பெண்கள் புறப்பட்டிருப்பார்கள். பம்ப் ஹவுஸ் வளைவைத் தாண்டிவிட்டால் பாதை நேரே யானைகளிடம்தான் போகும். இருந்ததை இருந்தபடி அனுப்பினாள்.

ஓடைக்கரையில் ஐந்து. பாதைப் பக்கம். 5.42. குட்டி வழுக்கி வழுக்கி

அவ்வளவுதான். முற்றுப்புள்ளிகூட இல்லை.

லூர்தக்காவைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும் நின்றது. இங்கிருந்து கத்தினால் பெண்களுக்குக் கேட்காது. யானைகளுக்குக் கேட்கும்.

கீழே இப்போது ஓடை இல்லை. பாதையும் இல்லை. எங்கும் ஒரே வெள்ளை.

அதற்குள்ளிருந்து கிளை முறியும் சத்தம். எந்தப் பக்கம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு இன்னொரு சத்தத்துக்குக் காத்திருந்தாள். வரவில்லை.

போன் அதிர்ந்தது.

லூர்தக்கா. பின்னால் பெண்களின் குரல்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. பம்ப் ஹவுஸ் சுவரோரமாகவே நின்றுவிட்டார்களாம். பதினோரு பேரும் ஒரே போனைச் சுற்றி நிற்கிறார்களாம்.

அவள் பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாதியில விட்டுட்டியே புள்ள," என்றாள் லூர்தக்கா. "வழுக்கி வழுக்கி... ஏறிருச்சா, இல்லையா?"

அவள் வெள்ளைக்குள் பார்த்தாள். குட்டியும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. ஐந்தும் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கும், பம்ப் ஹவுஸ் பக்கமா, காட்டுப் பக்கமா, ஒன்றும் தெரியாது.

"இன்னும் இல்லக்கா," என்றாள். "அங்கயே நில்லுங்க. சொல்றேன்."