முன்னோர் கடித்த கிழங்கு

ஆப்பிரிக்காவில் ஓர் ஊர். அங்கே புதுக் கிழங்குத் திருவிழாவில் முன்னோருக்குப் படைத்து, ராஜா முதல் துண்டைத் தின்ற பிறகுதான் மற்றவர்கள் வாய் வைக்கலாம். மீறினால் தலை தப்பாது. பசி பொறுக்காத எலி ஒன்று முந்தின நாளே ஒரு கிழங்கைக் கடித்துவிட்டது.

விழாவன்று பூசாரி கையில் எடுத்ததும் அதே கிழங்குதான். அதிலிருந்த பல் தடத்தைக் கூட்டம் முழுக்கப் பார்த்துவிட்டது. கூரையில் பதுங்கியிருந்த எலி இன்னும் உள்ளே ஒடுங்கியது.

பூசாரி கொஞ்சம் யோசித்தார். "நம்ம முன்னோர்களே நேர்ல வந்து சாப்பிட்டிருக்காங்க" என்றார். ராஜா உட்பட ஊரே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது.

"தப்பிச்சிட்டேடா" என்றது கூரையில் எலிக்குப் பக்கத்திலிருந்த ஓணான்.

எலி மீசையைத் தடவிக்கொண்டது. "முன்னோர்கிட்ட மரியாதையாப் பேசு. அடுத்த வருஷம் தொட்டுக்கப் பாமாயிலும் வைக்கணும்."

ஓணான் தலையாட்ட ஆரம்பித்தது. இன்றுவரை நிறுத்தவில்லை.