வள்ளத்துக்குக் கீறிய மரம்

வங்காலைக் கோயில் மண்டபத்தில், தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே மத்தியான வெயில் வட்டம் வட்டமாய்த் தரையில் விழுகிறது. மீளக்குடியேறியவர்களுக்கு வியாபாரம் படிப்பிக்க வந்த நிரூபன், எந்த முடிவு நல்லது என்று கணக்குப் பார்க்க, கரும்பலகையில் கிளைகள் மட்டுமுள்ள ஒரு மரம் கீறுகிறான். வகுப்புக்கு வந்த நிறஞ்சலா தன் மீன்பிடி வள்ளத்தை விற்றுக் கடை போட்டால் பிள்ளைகளுக்குச் சோறு நிச்சயம். விற்காமல் வைத்திருந்தால், அதை ஓட்ட வன்னியில் காணாமற்போன புருசன் திரும்பி வரவேண்டும்; வந்தால் கடையைவிட வருமானம் கூட. “அவர் வருவார் எண்டதுக்கு நூறில எத்தினை போடுவம், அக்கா? பத்து?” நிறஞ்சலா மீன் ஏலத்தில் பழகியவள், முதற்சொன்ன விலைக்கு ஒருநாளும் தலையாட்டியதில்லை. “பத்தோ? இருவது போடுங்கோ தம்பி.” பலகையில் சோக்கட்டி கீச்சிடுகிறது. “இல்லை, இருவத்தஞ்சு.” பின்வரிசை வாங்கிலிருந்து பெற்றிசியா, “உன்ர மனுசன் என்ன சுறாவோடி, இப்பிடி ஏத்துறாய்?” என்கிறாள். மண்டபம் சிரிக்கிறது, நிறஞ்சலாவும் சிரிக்கிறாள். “முப்பது.” நிரூபன் பெருக்கிக் கூட்டிப் பார்த்துவிட்டு மெல்லத் திரும்புகிறான். “முப்பது எண்டால் கணக்கு வள்ளத்தை விக்க விடாது, அக்கா. கடை இல்லை. முப்பதுக்குக் கீழ எண்டால்தான் விக்கலாம்.” சிரிப்பு அடங்குகிறது. வெளியே கருவாட்டுப் பாயைச் சுற்றிக் காகங்கள் கத்துகின்றன. நிறஞ்சலா சேலைத் தலைப்பில் ஒரு நூலை இழுத்து விரலில் இறுகச் சுற்றுகிறாள். “அப்ப,” என்கிறாள், “இருவத்தொன்பது போடுங்கோ.”