இரண்டாவது தட்டு

“பொய் எழுதறதுக்கு என்ற ஊடுதான் கெடச்சுதுங்களா தம்பி?”

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற குரல். பக்கத்து வீட்டு ராமாமணி, கையில் சுருட்டிய வாரப் பத்திரிகையோடு கூடத்தில் நின்றார்.

கிருபாசங்கருக்குச் சுர்ரென்று ஏறியது. காலையிலிருந்து இருபது பேர் போனில் பாராட்டிய கவிதை அது!

“எது பொய்யின்னு சொல்லுங்கக்கா, பாக்கலாம்.”

ராமாமணி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார்.

“‘பச்சை ஜன்னல் வீட்டுக்காரி தினமும் இரண்டு தட்டு வைக்கிறாள். ஒன்று அவளுக்கு. ஒன்று செத்துப்போன புருஷனுக்கு.’ இந்த வீதியில பச்சை ஜன்னல் எங்க ஊட்டுக்கு மட்டுந்தான். அவரு போயி மூணு வருசமாச்சு. அவருக்கு நான் எதுக்குச் சோறு போடறேன்? எனக்கென்ன கிறுக்கா?”

“மாடியில இருந்து என் கண்ணால பாத்தனுங்க. ரெண்டு தட்டு. ரெண்டுலயும் சோறு.”

“அப்பறம் என்ன நடந்துதுன்னு பாத்தீங்களா?”

“அப்பறம் எதுக்குப் பாக்கோணும்? கவிதை வந்திருச்சு. எழுத உக்காந்துட்டேன்.”

ராமாமணி தலையில் அடித்துக்கொண்டார். அது கிருபாசங்கரை இன்னும் கிளப்பிவிட்டது.

“மத்தவனாட்டம், தனியா இருக்கற பொம்பளையப் பத்தி எழுதி, கடைசியில ஜன்னல்ல ஒரு குருவியக் கொண்டாந்து உக்கார வெக்கச் சொல்றீங்களா? அந்தச் சோலி எனக்கு ஆகாதுங்க. இருக்கறதை இருக்கற மாதிரி எழுதறவன் நானு. நெசம் கசக்கத்தான் செய்யும்.”

“உங்க நெசத்துல தீயை வெக்க! பெங்களூர்ல எம்பொண்ணு பிரத்யுஷா இதைப் படிச்சுப்போட்டு ஒரே அழுகை. ‘அம்மாவுக்குப் புத்தி பெசகிப்போச்சு, ஊட்டைப் பூட்டிட்டு என்னோட வந்துரு’ன்னு நாளைக்குக் காரெடுத்துட்டு வாரா. முப்பது வருசமா இருக்கற ஊடு தம்பி! அவளுக்கு ஒரு போன் போட்டு, எழுதினது பொய்யின்னு சொல்லுங்க.”

“முடியாதுங்க. அந்த ரெண்டாவது தட்டு வேற யாருக்குன்னு சொல்லுங்க, இப்பவே பண்றேன்.”

ராமாமணி வாயைத் திறந்தார். சமையலறை வாசலில் காபி டம்ளர்களோடு நின்ற கிருபாசங்கரின் மனைவி சண்முகப்பிரியாவைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

“அதைச் சொல்றாப்பல இல்லீங்க.”

“பாத்தியா பிரியா! பதில் இல்ல.” கிருபாசங்கர் கேஸில் ஜெயித்தவர் மாதிரி மனைவி பக்கம் திரும்பினார். “நெசத்தைச் சொன்னா எல்லாத்துக்கும் எரியுது.”

சண்முகப்பிரியா டம்ளர்களை ணங்கென்று மேசையில் வைத்தாள். காபி சிந்தியது.

“வேண்டாங் கண்ணு, சொல்லிப்போடாத” என்று ராமாமணி அவள் கையைப் பிடித்தார்.

“நீங்க சும்மா இருங்கக்கா. எனக்காக வாயை மூடிட்டு நீங்க பைத்தியக்காரிப் பட்டம் வாங்கோணுமா?”

கணவன் பக்கம் திரும்பினாள்.

“ஏனுங்க, சோத்தைக் கொண்டாந்து மாடியில வெச்சா, ‘எழுதறப்ப பேசாத, போ’ன்னு கதவைச் சாத்திக்கறீங்களே. அதுக்கப்பறம் நான் எங்க உக்காந்து சாப்பிடறேன்னு ஒருநாளாச்சும் பாத்தீங்களா? அந்த ரெண்டாவது தட்டு என்னுதுங்க. இப்ப அந்தப் புள்ளைக்குப் போன் போடுங்க.”