வாசலில் இன்ஸ்பெக்டர்

வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் இன்ஸ்பெக்டர். ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த ஓட்டக்காரி மெல்ல நிமிர்ந்தாள். ஆறாவது மாதம், குனிந்தால் வயிறு இடித்தது.

இன்ஸ்பெக்டர் என்றால் காக்கிச்சட்டை, தொப்பி எல்லாம் கிடையாது. அந்த வீட்டில் எந்த டப்பா எங்கே இருக்க வேண்டும், எந்த விளக்கை எப்போது அணைக்க வேண்டும் என்று சட்டம் போடுகிறவள் அவள்தான். அதனால் ஓட்டக்காரி மனசுக்குள் வைத்திருந்த பெயர் அது. வெளியே சொன்னால் வீடு ரெண்டாகிவிடும்.

“எங்க கிளம்பிட்ட?”

“எப்பவும் போற பார்க்குக்குத்தான்.”

“வயித்துல பிள்ளையை வெச்சுக்கிட்டு ஊரைச் சுத்தி ஓடுறியே, கொஞ்சமாவது வெட்கம் இருக்கா? என் ஆபீஸ்ல கூட கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறாங்க. தலை காட்ட முடியலை.”

“டாக்டரே ஓடலாம்னு சொல்லிட்டாங்க. பழகின காலாம், ஒண்ணும் ஆகாதாம். மூச்சு வாங்கினா நடக்கச் சொன்னாங்க.”

“டாக்டரா வந்து ஊர் வாயை மூடப் போறாங்க?”

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஓட்டக்காரிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, ஓட்டத்தை விட்டால் ஏறிவிடும், ஏறினால் குழந்தைக்கு நல்லதில்லை என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதைக் காது கொடுத்துக் கேட்கத்தான் இந்த வீட்டில் ஆள் இல்லை.

கணவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். இந்தச் சண்டை தொடங்கியதிலிருந்து அவர் அப்படித்தான் பேப்பர் படிக்கிறார். பக்கம் மட்டும் திரும்புவதே இல்லை.

“நீங்களாவது சொல்லுங்களேன்” என்றாள் ஓட்டக்காரி.

“அங்க என்ன சிபாரிசு?” என்று சீறினாள் இன்ஸ்பெக்டர்.

“சரிம்மா, சரிம்மா. கத்தாதம்மா. அக்கம்பக்கம் கேக்கும்” என்று இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சிவிட்டு, மறுபடியும் பேப்பருக்குள் போய்விட்டார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பாவம், மத்தளம் என்ன செய்யும்!

“இதோ பார்” என்று இன்ஸ்பெக்டர் விரலை நீட்டினாள். “இன்னைக்கு இந்த வாசலைத் தாண்டினா, சாயங்காலம் நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன். பெட்டியைக் கட்டிக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்.”

சொன்னால் செய்கிறவள். ஓட்டக்காரிக்கு அந்தப் பயம் உண்டு. ஆனால் வயிற்றுக்குள் ஒன்று புரண்டு படுத்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, நீட்டிய கையை விலக்கிவிட்டு வெளியே இறங்கினாள்.

பார்க்கில் பாதிச் சுற்று கூட முடிந்திருக்காது. பின்னாலேயே வீட்டுச் செருப்பு சரட் சரட்டென்று அடித்துக்கொண்டு வந்தது.

“நில்லு! மரியாதையா வீட்டுக்கு வா!”

ஓட்டக்காரி நிற்கவில்லை. நின்றால் இனி ஜன்மத்துக்கும் ஓட முடியாது என்று தோன்றியது.

வளைவில் இருந்த பெஞ்சில் வழக்கமான கூட்டம் உட்கார்ந்திருந்தது. நடக்க வந்து வம்பு பேசி, எடை குறையாமல் வீடு திரும்பும் கூட்டம்.

“அங்க பாருடி, வயித்தைத் தள்ளிக்கிட்டு ஓட்டப் பந்தயம்!” என்றாள் ஒருத்தி. “வழியிலேயே பெத்துப் போட்டுடப் போகுது!”

பெஞ்சே குலுங்கியது.

“கர்மம்! அடக்கமா வீட்டுக்குள்ள கிடக்க வேண்டிய நேரத்துல என்ன ஆட்டம் இது?” என்றாள் இன்னொருத்தி, நன்றாகக் காதில் விழும்படி.

ஓட்டக்காரியின் கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். வேண்டாம் வேண்டாம் என்றாலும் கண் நிறைந்துவிட்டது.

அதற்குள் இன்ஸ்பெக்டர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். பெஞ்சுக்காரிகளுக்கு ஆள் கிடைத்த சந்தோஷம்.

“நீங்க இவங்க வீடுதானே? நாங்களும் தினம் பாக்கறோம். நீங்களாவது நறுக்குன்னு நாலு வார்த்தை கேளுங்க!”

இருக்கிற கொஞ்ச மானமும் இன்று நடுப்பார்க்கில் போகப் போகிறது என்று ஓட்டக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

இன்ஸ்பெக்டர் அவள் முகத்தைப் பார்த்தாள். பெஞ்சைப் பார்த்தாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, வாசலில் நின்றபோது இருந்த அதே ஆங்காரத்தோடு வாயைத் திறந்தாள்.

“இவங்க எங்கம்மா. ஓடுவாங்க. உங்களுக்கு என்ன வலிக்குது?”