சிசிலி அத்தையின் வாய்

"அடியே சனியனே! தண்ணி புடிக்கப் போனவ அங்கயே குடியிருந்துட்டியா?"

சிசிலி அத்தை வாயைத் திறந்தால், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பரா வரை கேட்கும்.

மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்ற பவுலினுக்கு அழுகை முட்டியது. திருச்சியில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், பிரின்சிபால்கூட அவளை "வாம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

இலங்கையில், கொட்டகலை மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு தவணை பாடம் நடத்திப் பழகிவிட்டு வரும்படி கல்லூரி அவளை அனுப்பியிருந்தது. கப்பலேறி, ரயிலேறி வந்து இறங்கினால், கன்னியாஸ்திரிகளின் விடுதியில் இடமில்லை. அடுத்த மாதம்தான் கிடைக்குமாம். அதுவரை அப்பாவின் ஒன்றுவிட்ட அக்கா சிசிலி வீடுதான் கதி. அத்தையும் லியனார்ட் மாமாவும் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள். ஒரே மகள் ஐவியை உடப்புசல்லாவையில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

மழையும் பனியும் போட்டி போட்டன. துவைத்த துணி காயவில்லை, புத்தகங்கள் ஊறி உப்பிப்போயின. அதையெல்லாம் பவுலின் பொறுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளிடம் நன்றாக ஒட்டிக்கொண்டார்கள். அத்தையைத்தான் பொறுக்க முடியவில்லை.

கல்லூரிச் சேலை கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் நடக்கக் கூடாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கொழுந்து பறிக்கிற பெண்களைப் போல இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கடைவீதியில் அத்தைக்குத் தெரிந்த நாகலெட்சுமி வீட்டில் நுழைந்து சேலை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போக வேண்டும். திரும்பும்போது மறுபடி சாக்கு.

"ஏன் அத்தை, நான் நல்லா உடுத்தினா உங்களுக்குக் கண்ணு உறுத்துதா?"

"ஆமாடி, உறுத்துது. பேசாம கட்டு!"

பொறாமைதான், வேறென்ன? தன் மகள் ஐவிக்கு ரெண்டெழுத்து வரவில்லை, தம்பி மகள் டீச்சராகப் போகிறாளே என்ற வயிற்றெரிச்சல். அடுத்த காம்பரா வீரம்மாவிடம் சொல்லி அழுதாள் பவுலின்.

"ஒங்க அத்தைக்கு வாய்தான் அப்படி. போ புள்ள, போய் வேலையைப் பாரு" என்று வீரம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். லயத்தில் ஒருத்தர்கூட அவளுக்காகப் பரிந்து பேசவில்லை. என்ன சனங்களோ!

அந்தச் சனிக்கிழமை மழை விட்டிருந்தது. வாசலில் உட்கார்ந்து பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள் பவுலின். தோட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த கண்டாக்கு, துரைக்கு அடுத்தபடி அதிகாரம் உள்ளவர், கைத்தடியைச் சுழற்றியபடி லயத்துக்குள் வந்தார்.

உள்ளேயிருந்து பாய்ந்து வந்தாள் அத்தை. பவுலின் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி உள்ளே எறிந்தாள். முதுகில் ஒன்று வைத்தாள்.

"மூதேவி! அடுப்புல வெறகு இல்ல, இங்க குந்திக்கிட்டு என்னடி பண்ற? எந்திரி!"

அவ்வளவுதான். இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்தது எல்லாம் பொங்கிவிட்டது.

"அடிக்கிற வேலை வச்சுக்காதீங்க! நான் ஒண்ணும் உங்க வீட்டு வேலைக்காரி இல்ல. திருச்சி காலேஜிலேருந்து வந்திருக்கேன். கொட்டகலை ஸ்கூல்ல பாடம் நடத்துறேன்!"

கண்டாக்குக்கு நன்றாகப் புரியட்டும் என்று அதையே இங்கிலீஷிலும் ஒரு தடவை சொன்னாள்.

கண்டாக்கு தொப்பியைக் கழற்றினார். "அப்படியாம்மா? தெரியாமப் போச்சே. எத்தனை நாளா இங்க தங்கியிருக்கீங்க?"

"மூணு வாரமா, சார்."

"ரொம்ப சந்தோசம்" என்று சொல்லி அவர் போய்விட்டார்.

அத்தை வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து ஒரு ஏச்சு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. படித்தவர் ஒருவர் மரியாதை கொடுத்ததைக் கண்ணால் பார்த்ததும் அத்தைக்குப் புத்தி வந்துவிட்டது என்று பவுலின் நினைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை சாக்கைத் தொடாமல், சேலை கட்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போனாள். அத்தை தடுக்கவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தபோது காம்பரா பூட்டிக் கிடந்தது. அம்மிக்கல், சட்டிபானை, மாதா படம் எல்லாம் வெளியே ஈர மண்ணில் கிடந்தன. லியனார்ட் மாமா பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். வீரம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள்.

"என்ன மாமா இது? எங்க போறீங்க?"

மாமா நிமிரவில்லை. "பத்துச்சீட்டு குடுத்துட்டாங்கம்மா. வேலையும் போச்சு, வீடும் போச்சு. ஸ்ட்ரைக் நடந்ததிலேருந்து வெளியாள் யாரையும் ராத்திரி தங்க வைக்கக் கூடாதுன்னு துரை உத்தரவு. ஒனக்கு வேற போக்கிடம் ஏது? அதான் எங்க மக ஐவி வந்திருக்கான்னு சொல்லி வச்சிருந்தோம். லயம் பூராவும் எங்களுக்காக வாயைப் பொத்திக்கிட்டு இருந்திச்சு."

பவுலின் மாமாவின் கையிலிருந்த பாயைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே பெட்டியைத் தூக்கிருப்ப. இந்தப் பனியில எங்க போய் நிப்ப?"

அவள் அத்தையிடம் ஓடினாள். "அதுக்கு ஏன் அத்தை என்னை அப்படித் திட்டினீங்க? அடிச்சீங்க?"

மாதா படத்திலிருந்த சேற்றை முந்தானையால் துடைத்துக்கொண்டே அத்தை சொன்னாள்:

"பெத்த புள்ளைய வேற எப்படித்தான் தாயி ஏசுறது? மரியாதையா பேசியிருந்தா, நீ விருந்தாளின்னு மொத நாளே கண்டுபிடிச்சிருப்பாங்களே."