மூன்றாவது சேவல்

விருது மேடையில் ஐனார் என்று என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னதும் மண்டபமே உட்கார்ந்த இடத்தில் தள்ளாடிக் காட்டியது.

எங்கள் கோபன்ஹேகனில் வாழ்த்து இப்படித்தான் வரும். ஒருவர் கொஞ்சம் உயர்ந்துவிட்டால் நாலு பேர் சேர்ந்து தலையில் தட்டி உட்காரவைக்காமல் விடமாட்டார்கள். வீட்டில் பீப்பாய் வைத்திருக்கிறாயா ஐனார் என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டே விட்டார்.

அந்த வருடத்தின் சிறந்த துணை நடிகர் ஐனார். வேடம், துறைமுகத்துக் குடிகாரன். விருது, ஒரு பித்தளைச் சேவல்.

ஆனால் நிஜத்தில் அவர் சொட்டுக்கூடத் தொடுவதில்லை. மகள் பிறந்த அன்று விட்டது. அதற்கு முன்னால் எப்படிக் குடித்தார் என்பது எனக்கும் எங்கள் வீட்டுக் கதவுக்கும்தான் தெரியும். ஒரே ஒரு மடக்கு உள்ளே போனால் அந்தப் பழைய மனிதர் திரும்பி வந்துவிடுவார். அவரை என் மகள் பார்க்கக் கூடாது.

வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. ஜெயித்தவர்கள் மேடையில் வரிசையாக நிற்க, விமர்சகர் சங்கத் தலைவர் ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்து "ஸ்கோல்" என்பார். உடனே ஸ்னாப்ஸ் என்கிற நிறமில்லாத சாராயத்தை ஒரே மடக்கில் இறக்கிவிட்டு மறுபடி அவர் கண்ணைப் பார்க்க வேண்டும். மறுத்தால் ஏன் என்பார்கள். ஏன் என்று தெரிந்துவிட்டால் அடுத்த படத்துக்கு யார் கூப்பிடுவார்கள்?

நான் விடுவேனா? பரிமாறுகிற யோர்னை முன்கூட்டியே பிடித்து, தட்டின் ஓரத்துக் கோப்பையில் மட்டும் பச்சைத் தண்ணீரை ஊற்றி என் வீட்டுக்காரரிடம் நீட்டச் சொன்னேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். உங்கள் கைக்கு வருவது தண்ணீர், தைரியமாக இறக்குங்கள் என்று ஐனாரிடமும் சொல்லி அனுப்பினேன்.

மேடையில் அவருக்குப் பக்கத்தில் அகாத்தே அம்மாள். சிறந்த நடிகை. இது மூன்றாவது சேவல், இன்னும் இரண்டு வாங்கினால் பண்ணையே வைக்கலாம். காலமெல்லாம் மகாராணி வேடம் போட்டுப் போட்டு, பால்காரரிடமே மகாராணி மாதிரித்தான் பேசுவார் என்று கேள்வி.

தட்டு வந்தது. ஆளுக்கொரு கோப்பை எடுத்துக்கொண்டார்கள். தலைவர் முதலில் அம்மாளைப் பார்த்து "ஸ்கோல்" என்றார். அம்மாள் அண்ணாந்து இறக்கினார். பிறகு காலிக் கோப்பையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். இன்னொன்று கேட்கப்போகிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது ஐனார். கோப்பையை மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். கை நடுங்கியது. நெற்றியில் வேர்வை மின்னியது. பச்சைத் தண்ணீருக்கா இவ்வளவு நடிப்பு, மனிதர் வாங்கிய சேவலுக்கு வஞ்சனை செய்யவில்லையே என்று எனக்கு ஒரே பெருமை.

அப்போதுதான் அகாத்தே அம்மாள் சரிந்தார்.

"யாருப்பா இந்த மேடையைப் பிடிச்சுச் சுத்துறது?" என்றபடி முழு எடையோடு ஐனார் மேல் விழுந்தார். கோப்பை பறந்து தலைவரின் சட்டையில் கவிழ்ந்தது. சேவல் உருண்டது. அம்மாளின் ஒரு செருப்பு கழன்று முன்வரிசையில் போய் விழுந்தது.

மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஒரே கோப்பைக்கு மகாராணி சாய்ந்துவிட்டார் என்று பத்திரிகைக்காரர்கள் பென்சிலைத் தேடினார்கள். அடுத்த நாள் ஊரே இதைத்தான் சொல்லிச் சிரிக்கப்போகிறது.

எனக்கு வந்ததே கோபம். தாங்காத உடம்புக்கு எதற்கு இந்த வீம்பு? அழகாக முடிய வேண்டியதை இப்படிக் கெடுத்துவிட்டாரே. நல்லவேளை, துடைப்பதா சிரிப்பதா என்று தெரியாத தலைவர் அத்தோடு விழாவை முடித்துவிட்டார்.

யோர்ன் முகம் வெளுத்து ஓடிவந்தார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. பொம்பளைங்களுக்குத்தான் முதல்ல நீட்டணும்னு கை பழகிப்போச்சு. ஓரத்துக் கோப்பையை அந்தம்மா எடுத்துட்டாங்க."

அப்படியானால் ஐனார் கையில் இருந்தது அசல் சரக்கு. அந்த நடுக்கமும் அசல்.

அம்மாளைத் தேடினேன். இரண்டு பேர் கைத்தாங்கலாக வாசல்வரை கொண்டுவந்து, செருப்பைக் கையில் கொடுத்து நிறுத்திவிட்டு, சிரித்துக்கொண்டே அவருடைய கோட்டை எடுக்கப் போனார்கள்.

அம்மாள் அக்கம்பக்கம் பார்த்தார். சுவரைக்கூடப் பிடிக்காமல், உயரக் குதிகால் வைத்த மற்றச் செருப்பின் மேல் ஒற்றைக்காலில் நின்று, கழன்ற செருப்பை மாட்டி, நிதானமாக வாரை இறுக்கிக்கொண்டார்.

நிமிர்ந்தபோது நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். உடனே மறுபடியும் மெல்ல ஆடத் தொடங்கினார்.