காலண்டருக்கு ஒரு படம்

“அந்த அன்னக்கொடிக்குக் கொஞ்சமாவது நன்றி இருக்கா சிஸ்டர்?”

சமையலறைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, குரலை அடக்கிப் போனில் கேட்டாள் ஜெனி. ஹாலில் மாமியார் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோபப்படாத ஜெனி. நான் வாசல்ல வேன்காரரோட பேசிட்டிருந்தேன். திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு” என்றார் சகாயமேரி சிஸ்டர். “போட்டோக்காரர் ரெடின்னு சொன்னதும் முந்தானையை விரிச்சுப் பிள்ளையை மூடிட்டாளாம். அம்புட்டுப் பிள்ளைகளும் அழகா நிக்குது, நடுவுல இவ சேலை!”

“இன்னொண்ணு எடுக்கலையா?”

“அதுக்குள்ள பாதிப் பிள்ளைக அழ ஆரம்பிச்சிருச்சு. வேனும் கெளம்பிருச்சு. இருக்கிறது இந்த ஒரு படந்தான்.”

வளர்ச்சி தாமதமான பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் சின்ன இல்லம் அது. பிள்ளைகளைக் கூட்டிவரும் வேனுக்குக் கிடைத்த உதவி டிசம்பரோடு நிற்கிறது. கிறிஸ்துமஸை வைத்து எப்படிப் பணம் திரட்டலாம் என்று கூடிப் பேசியபோது கேக், கேரல், கைவேலை ஸ்டார் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். காலண்டர் என்றது ஜெனிதான். கப்பலூர் கம்பெனி முதலாளி ஒருவர் ஆயிரம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியும்விட்டார். இன்று எட்டு மணிக்குள் சிவகாசி அச்சகத்துக்குப் படம் போக வேண்டும். தவறினால் காலண்டரும் இல்லை, வேனும் இல்லை.

“முகம் தெரியணும் சிஸ்டர். முகம் தெரிஞ்சாத்தான் மனசு இளகும்.”

அன்றைக்குக் கூட்டத்தில் ஜெனி சொன்னது இது. கூட்டம் முடிந்ததும் தனியாக ஒன்று சொன்னாள்.

“ஆலன் மட்டும் வேணாம் சிஸ்டர். ப்ளீஸ்.”

ஆலன் அவள் மகன். மூன்று வயது முடிந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து மாதமாக அந்த இல்லத்துக்குத்தான் போகிறான். மாமியாரிடம் ப்ளே ஸ்கூல் என்று சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று கணவனும் சொல்லிவிட்டான். தெரிந்தால் சொந்தபந்தம் முழுக்கச் சேதி பரவிவிடும். படம் எடுக்கும்போது ஆலனை உள்ளறையில் விளையாட விடுவதாக சிஸ்டர் ஒத்துக்கொண்டார்.

போன வாரம்கூட இல்லத்து வாசலில் நின்றுகொண்டே, “ப்ளே ஸ்கூல்லதான் அத்தை இருக்கேன்” என்று போனில் சொன்னாள். குழாயடியில் மகனுக்கு வாய் கழுவிக்கொண்டிருந்த அன்னக்கொடி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான்.

“ஜெனி, காபி இருக்கா?”

“இதோ அத்தை.”

அடுப்பில் பாலை வைத்தாள். காலடியில் ஆலன் வந்து உட்கார்ந்தான். வந்ததிலிருந்து ஷூவைக் கழற்றவே விடவில்லை. பிடித்து இழுத்துக் கழற்றும்போதுதான் பார்த்தாள், இடதும் வலதும் மாறியிருந்தன. காலையில் தான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற அவசரத்தில் அவளே மாட்டிவிட்டது. நாள் முழுக்க இப்படியேவா நடந்தான்?

மணி ஏழே கால். அன்னக்கொடியை அழைத்தாள்.

“சொல்லுங்க டீச்சர்.”

“என்னத்தச் சொல்ல? வேன் நின்னா அலங்காநல்லூர்ல இருந்து மருதுவ இடுப்புல தூக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வரப்போறது யாரு, நானா?”

“நாந்தான் டீச்சர்.”

“பிறகு எதுக்கு மூடுன?” கோபத்தில் ‘நீங்க’ மறந்துபோனது. “பெத்த பிள்ளை முகத்தக் காட்ட அப்படி என்ன வெட்கம்?”

மறுமுனையில் அன்னக்கொடி குரலைத் தாழ்த்தினாள்.

“டீச்சர், பக்கத்துல உங்க அத்தை இருக்காகளா?”

“இருந்தா உனக்கென்ன?”

“அப்ப ஒண்ணுமில்ல. தப்பு என்னுதுதான். எம்புட்டு வேணும்னாலும் வையுங்க.”

ஜெனி போனை வைத்தாள். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. துடைக்கப் போவதற்குள் அடுத்த அழைப்பு. சிவகாசி அச்சகத்துச் செல்வக்குமார்.

“அக்கா, மிஷின் காத்துக் கெடக்கு. படம் வருமா, வராதா?”

“அனுப்பிவிடுறேன் தம்பி. நடுவுல ஒரு சேலை மறைக்குது. வெட்ட முடியுமான்னு நீங்களே பாருங்க.”

சிஸ்டர் அனுப்பிய படத்தை அப்படியே தள்ளிவிட்டாள். பிறகுதான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

முன்வரிசையில், பவுடர் அப்பிய முகத்தோடு, காகித ஸ்டார் ஒன்றைத் தூக்கிப் பிடித்து வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தான் ஒரு பையன்.

மருது.

ஜெனி இன்னொரு தடவை பார்த்தாள். மருதுவேதான். அன்னக்கொடியின் மகன்.

அப்படியானால் சேலைக்குள் இருப்பது யார்?

விரலால் இன்னும் பெரிதாக்கினாள். அன்னக்கொடியின் முந்தானைக்குக் கீழே இரண்டு சின்னக் கால்கள். உள்ளறையிலிருந்து ஓடி வந்த கால்கள். நீல ஷூ, இடதும் வலதும் மாறி.

போன் அடித்தது.

“பார்த்தேன்க்கா. அந்தம்மா நிக்கிற துண்டை மட்டும் வெட்டிருவோமா?”

“வெட்டாதீங்க தம்பி. அந்தம்மா முகம் இருக்கட்டும்.”

“சேலைக்குள்ள ஒரு பிள்ளை இருக்கேக்கா. அது முகம் தெரியலையே?”

ஜெனி சமையலறைக் கதவை முழுசாகத் திறந்தாள். சீரியலில் விளம்பர இடைவேளை. மாமியார் சத்தத்தைக் குறைத்துவிட்டு இவள் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை ஜெனி குரலை அடக்கவில்லை.

“அது என் மகன் தம்பி. அவன் படத்தத் தனியா அனுப்புறேன். முகம் தெரியுற மாதிரி போடுங்க.”